அறுந்தால் ஒட்ட முடியுமா?

திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் 2020 பிப்ரவரியில் மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்தபோது ஒரு பித்தளைப் பாத்திரம் கிடைத்தது. உள்ளே 505 பொற்காசுகள். மொத்த எடை 1.716 கிலோ. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஈரம் அவ்வளவு சீக்கிரம் காயாத தீவு மண் அது. இரும்பு என்றால் துருவாகவே உதிர்ந்திருக்கும். வெள்ளி என்றால் கறுத்திருக்கும். பொற்காசு மட்டும் பொற்காசாகவே வெளியே வந்தது. காற்று, நீர், உப்பு மூன்றும் தங்கத்தை ஒன்றும் செய்வதில்லை என்பதற்கு திருச்சிக்காரர்கள் வேறு சான்று தேட வேண்டியதில்லை. ஆனால் காவிரிப் பாலத்தைத் தாண்டி பெரிய கடை வீதிக்கோ, என்.எஸ்.பி. ரோட்டுக்கோ, ஜாபர்ஷா தெருவுக்கோ போய், நகை பழுதுபார்க்கும் இடத்தில் என்னென்ன வந்து சேர்கிறது என்று கவனித்தால் வேறு கதை தெரியும். அறுந்த சங்கிலி, நசுங்கிய வளையல், மரை தேய்ந்த திருகாணி, கல் விழுந்த மோதிரம். பாட்டி காலத்து நகைகள்தான் பழுதுக்கு வருகின்றன என்று நினைத்துவிடக் கூடாது. வாங்கிச் சில ஆண்டுகளே ஆன நகைகளும் அவற்றோடு கிடக்கும். அழியாத உலோகத்தில் செய்த பொருள் ஏன் இத்தனை சீக்கிரம் பழுதாகிறது?

பாத்திரத்துக்குள் இருந்த காசுகளை யாரும் அணியவில்லை. அவற்றில் இணைப்போ கொக்கியோ கிடையாது. நகை அப்படியல்ல. கம்பி, தகடு, கண்ணி, கொக்கி, திருகு, கல் பிடிக்கும் விளிம்பு என்று பல உறுப்புகளைச் சேர்த்துச் செய்த பொருள் அது. அத்தனையும் வியர்வையோடும் துணியோடும் ஒன்றோடொன்றும் உரசுகின்றன. அதனால் ஒரு நகை எத்தனை காலம் உழைக்கும் என்பதை அதன் கேரட் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்த இடத்தில் தேயும், தேய்ந்த பிறகு ஒரு பத்தர் அதைப் பிரித்துச் சரிசெய்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொள்ளத் தர முடியுமா என்ற இரண்டு கேள்விகள்தான் முக்கியம். நகைக் கடையில் நாம் சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி எவ்வளவு, இன்றைய விலை என்ன என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். இந்த இரண்டையும் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டும் என்பதற்கான காரணங்கள் நிறைய உண்டு.

முதலில் கேரட். 24 கேரட் என்பது கலப்பில்லாத தங்கம். 22 கேரட்டில் ஆயிரம் பங்குக்கு 916 பங்கு தங்கம், 18 கேரட்டில் 750, 14-ல் 585, 9-ல் 375. மீதியெல்லாம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். கலப்பில்லாத தங்கம் எத்தனை இளக்கமானது என்றால், ஒரு கிராமை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கம்பியாக இழுத்துவிடலாம். அந்த இளக்கம் பத்தருக்கு வரம், அணிபவருக்குத் தொல்லை. செம்பைச் சேர்த்தால் தங்க அணுக்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கிப் போகாமல் தடைபடுகின்றன, உலோகம் இறுகுகிறது. நாம் பவுன் என்று எடை சொல்வதற்கு மூலமான பிரிட்டிஷ் நாணயம் 22 கேரட்டில் வார்க்கப்பட்டதற்கும் இதுவே காரணம். கைமாறிக்கொண்டே இருக்கும் காசு தேயக் கூடாது. 18 கேரட் தங்கம் 22 கேரட்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கடினமானது. அப்படியென்றால் கேரட் குறையக் குறைய ஆயுள் கூடும் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. கதவில் இடித்து நெளிந்த 22 கேரட் வளையலை உருளையில் மாட்டித் தட்டினால் பழைய வட்டத்துக்கு வந்துவிடும். கலப்பு அதிகமான தங்கம் அப்படி வளைந்து கொடுப்பதில்லை. இழுவிசை நிற்கும் மூலைகளில் விரிசல் விடும். செம்பு அதிகமானால் வியர்வையில் நிறம் மங்கும். நீச்சல் குளத்துக் குளோரினும் வீட்டுப் பிளீச்சிங் பவுடரும் தங்கத்தை விட்டுவிட்டு அதிலுள்ள கலப்பு உலோகத்தைத்தான் முதலில் தாக்கும். தாக்குதல் தொடங்குவது பெரும்பாலும் பற்றவைத்த இடத்தில். எனவே கடினம் வேறு, ஆயுள் வேறு.

ஹால்மார்க் முத்திரை இதையெல்லாம் பார்த்துத்தானே தரப்படுகிறது என்று பலர் நம்புகிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ம் ஆண்டில் தங்க நகைகளுக்கு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல் அது மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்றானது. அந்தக் குறியீட்டை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் நகையின் விவரம் வரும். 22 கேரட் என்று சொல்லி 18-ஐத் தலையில் கட்டிய காலம் இதனால் பெருமளவு முடிவுக்கு வந்திருக்கிறது. நுகர்வோருக்குக் கிடைத்த பெரிய வெற்றி இது. ஆனால் ஹால்மார்க் மையங்கள் சோதிப்பது தூய்மையை மட்டுமே. கண்ணியின் கனத்தையோ, கொக்கி எத்தனை இழுவை தாங்கும் என்பதையோ, வளையலுக்குள் வெற்றிடம் இருக்கிறதா என்பதையோ யாரும் சோதிப்பதில்லை. கட்டிக் கம்பியில் செய்த சங்கிலிக்கும், உள்ளே ஒன்றுமில்லாத குழல் சங்கிலிக்கும் ஒரே 22கே916 முத்திரைதான். முத்திரை சொல்லாததையும் அது சொல்வதாக எடுத்துக்கொள்வது நம் பிழை.

தேய்மானத்தைப் பற்றிப் பொதுவாக நிலவும் பயம் பாதி உண்மை. வியன்னாவைச் சேர்ந்த வேதியியலர் கெயோர்க் ஸ்டெய்ன்ஹவுசர் தம் கல்யாண மோதிரத்தை ஓராண்டு முழுக்க வாராவாரம் நுண்தராசில் எடை போட்டு, முடிவை 2008-ல் வெளியிட்டார். ஐந்தரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட அந்த 18 கேரட் மோதிரம் ஓராண்டில் இழந்தது சுமார் 6 மில்லிகிராம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. கடற்கரை மணலில் இருந்த வாரத்திலும் தோட்டவேலை செய்த வாரத்திலும் இழப்பு கூடியது. அதே வேகத்தில் 30 ஆண்டு அணிந்தாலும் போவது மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல்தான். 22 கேரட் இளக்கம் என்பதால் கொஞ்சம் கூடலாம். பிறகு ஏன் சங்கிலி அறுகிறது? மோதிரத்தின் தேய்மானம் மேற்பரப்பு முழுக்கப் பரவிவிடுகிறது. சங்கிலியில் அப்படி இல்லை. ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியைத் தொடுவது இரண்டே இடத்தில். உரசல் முழுவதும் அங்கேதான். தாலியும் குண்டும் காசும் கோர்த்த சங்கிலியில் பாரம் தொங்கும் நடுப்பகுதியும், கொக்கியை ஒட்டிய முதல் வளையமும்தான் முதலில் இளைக்கும். எண்ணெய், மஞ்சள், சோப்பு சேர்ந்த பிசுக்கில் ஒட்டும் தூசி அந்த இடத்தில் அரம் போட்ட மாதிரி அறுக்கிறது. தராசில் வைத்தால் எடை குறைந்தே இருக்காது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் கண்ணியின் உள்வளைவு நூலாக மெலிந்திருக்கும். மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு போனால் ஒன்றுமில்லை. அந்த ஒரு பங்கு முழுவதும் ஒரே புள்ளியில் போனால் சங்கிலி அறும்.

அடுத்தது பற்றவைப்பு. இரண்டு முனைகளைச் சேர்க்க, தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கலவையைப் பொடியாக்கி, வெண்காரம் சேர்த்து இணைப்பில் வைத்து ஊதுவார்கள். பொடி உருகி இடுக்கில் ஓடி இறுகும். அந்தப் பொடியில் செம்பும் வெள்ளியும் அதிகம் என்பதால் இணைப்பு நிறைய உள்ள பழைய நகையை உருக்கினால் மாற்று குறையும். இதைத் தவிர்க்க வந்ததுதான் கே.டி.எம். 92 பங்கு தங்கத்தில் 8 பங்கு காட்மியம் சேர்த்த பொடி அது. தூய்மை குறையாது, இணைப்பும் வழவழப்பாக வரும். ஆனால் காட்மியம் 767 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். பற்றவைக்கும் சூட்டில் எழும் அந்தப் புகை பட்டறையில் குனிந்து ஊதுகிறவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. வாங்குபவருக்குத் தூய்மையும் செய்பவருக்கு நோயுமாகப் பங்கு பிரிந்த காலம் அது. தர நிர்ணய அமைவனம் அதை ஏற்பதில்லை. இன்று துத்தநாகம் போன்றவை அந்த இடத்துக்கு வந்துவிட்டன. இன்னும் சிலர் கே.டி.எம். நகை என்பதை உயர்ந்த தரத்தின் பெயராகவே சொல்வது நெருடுகிறது. பற்றவைப்பு எதுவானாலும் ஒரு விதி மாறாது: இணைப்புகள் கூடக் கூட, அறக்கூடிய இடங்களும் கூடும். நுணுக்கமான கண்ணிகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த சங்கிலியைவிட, கனத்த கம்பியில் குறைந்த கண்ணிகளோடு செய்த முறுக்குச் சங்கிலி அதே எடையில் நெடுநாள் உழைக்கும்.

விலை ஏறியதால் நகை செய்யும் முறையே மாறிவிட்டது. பவுன் விலை 2025-ல் 90 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. இரண்டு பவுனில் நாலு பவுன் போலத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டது. குழல் சங்கிலி எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் சிக்கல் புரியும். மட்டமான உலோகக் கம்பியின்மேல் மெல்லிய தங்கத்தைப் போர்த்தி இழுத்து, கண்ணிகளாக வளைத்துக் கோர்த்து, பிறகு அமிலத்தில் போட்டு உள்ளே இருக்கும் கம்பியைக் கரைத்துவிடுவார்கள். மிஞ்சுவது காகிதம்போல் மெல்லிய தங்க ஓடு. பார்வைக்குத் தடிமன், கழுத்தில் பாரமே தெரியாது. ஆனால் ஓடு ஓரிடத்தில் தேய்ந்து ஓட்டை விழுந்தால் அங்கே பற்றவைக்க முடியாது. நெருப்பு பட்டால் பொடி உருகுமுன் ஓடே உருகி ஓடும். வார்ப்பு நகைகளுக்கு வேறு குறை. மெழுகு அச்சில் உருகிய தங்கத்தை ஊற்றி எடுக்கும்போது உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் தங்கலாம். அடித்து இழுத்த கம்பிக்கும் தகட்டுக்கும் உள்ள இறுக்கம் வார்ப்புக்கு வராது. அதனால்தான் வார்ப்பில் செய்த மெல்லிய கொக்கியும் மோதிர அடியும் வளையாமல் பட்டென்று முறிகின்றன. பதக்கம், தோட்டு முகப்பு போல இழுவை இல்லாத இடங்களுக்கு வார்ப்பு நன்றாகவே பொருந்தும். நகாசு வேலை செய்த ஆரங்களிலும் பட்டை வளையல்களிலும் மெல்லிய தகட்டுக்குப் பின்னால் அரக்கு இருக்கலாம். அது தகடு நசுங்காமல் தாங்குகிறது, ஆனால் சூடு பட்டால் உருகும்.

பாம்படமும் தண்டட்டியும் உள்ளே அரக்கு வைத்துச் செய்தவைதானே, உள்ளீடற்ற நகை நமக்குப் புதிதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நகைகளைச் செய்தவர்கள் தகட்டைத் தாங்க அரக்கை நிரப்பினார்கள். நசுங்கினால் அரக்கை எடுத்து, தகட்டை நேராக்கி, மறுபடி நிரப்பித் தரத் தெரிந்த ஆள் அதே ஊரில் இருந்தார். பிரித்துச் சேர்க்கும் வழியோடுதான் அந்த நகை பிறந்தது. இயந்திரத்தில் பிறந்த குழல் சங்கிலிக்கு அப்படி ஒரு வழியே கிடையாது. மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள் கடையில். மாற்றும்போது பழையதற்குத் தங்கத்தின் விலை மட்டும் வரும். முன்பு கொடுத்த சேதாரமும் செய்கூலியும் திரும்ப வராது. புதியதற்கு மறுபடி சேதாரம், செய்கூலி, அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. இப்படி இரண்டு மூன்று முறை மாற்றினால், முதலிலேயே ஒரு பவுன் கூடுதலாகப் போட்டுக் கட்டிச் சங்கிலி வாங்கியிருக்கலாமே என்ற கணக்குக்கு வந்து நிற்போம்.

கல் பதித்த நகைகளைப் பற்றித் திருச்சியில் பேசாமல் வேறெங்கே பேசுவது? இந்த ஊரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. கடினத்தைப் பத்துக்கு அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10, மாணிக்கம் இயற்கையானாலும் செயற்கையானாலும் 9, ஸிர்கோனியா கல் எட்டுக்கு மேல். தங்கமோ இரண்டரையிலிருந்து மூன்று. கல் தேயாது, கல்லைப் பிடித்திருக்கும் தங்கம்தான் தேயும். நாலு மெல்லிய கால்களால் கவ்விப் பிடித்த கல்லுக்கு, ஒரு கால் தேய்ந்தாலும் ஆபத்து. ஸ்ரீரங்கத்து அக்கிரகார வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் ஏழுகல் வைரத்தோடுகளைப் பார்த்தால், ஒவ்வொரு கல்லையும் சுற்றி விளிம்பு முழுவதும் தங்கம் மடித்து அடைத்திருக்கும். ஒளி சற்றுக் குறையலாம், கல் விழாது. அந்தத் தோட்டில் தேய்வது திருகாணியின் மரை. அதை மட்டும் மாற்றினால் தோடு இன்னொரு தலைமுறைக்குத் தயார். கால்களால் கவ்வும் அமைப்புத்தான் வேண்டும் என்றால் அதற்கு 18 கேரட்தான் சரி. 22 கேரட் கால்களில் விலையுயர்ந்த வைரத்தை நிறுத்துவது தூய்மைக்காகக் கல்லைப் பணயம் வைப்பதாகும். முத்தும் பவளமும் வேறு சங்கதி. அவற்றின் கடினம் தங்கத்தோடு ஒட்டியே நிற்கிறது, வியர்வை அவற்றை அரிக்கும், பற்றவைக்கும் சூடு அவற்றைக் கெடுக்கும்.

நம் பழக்கங்கள் சில இந்தச் சிக்கலுக்கு முன்பே விடை கண்டிருக்கின்றன. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் பெண்கள் பழைய மஞ்சள் கயிற்றை மாற்றிப் புதுக்கயிறு அணிகிறார்கள். மங்கலம், நதி வழிபாடு என்ற பொருளெல்லாம் அதற்கு உண்டு. அவற்றின் மதிப்பைக் குறைக்க எனக்கு எண்ணமில்லை. கூடவே அதில் ஒரு பொறியியலும் இருக்கிறது. உரசலும் பாரமும் விழும் உறுப்பு கயிறு. அது மலிவானது, ஆண்டுதோறும் மாறுகிறது. தாலி மட்டும் நிலைக்கிறது. தாலியைத் தங்கச் சங்கிலியில் கோர்க்கத் தொடங்கியபோது தேய வேண்டிய உறுப்பே விலையுயர்ந்த உறுப்பாகிவிட்டது. சங்கிலி வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிற்றை ஆண்டுக்கு ஒருமுறை கவனித்த கண், சங்கிலியையும் ஆண்டுக்கு ஒருமுறை கவனிக்க வேண்டும். சங்கிலியோடு தாலி சேரும் வளையத்தைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி செய்யச் சொன்னால், தேய்மானம் முழுவதையும் அரைக் கிராம் தங்கத்தில் நிறுத்திவிடலாம்.

ஸ்ரீரங்கம் கோயில் இதை முறையாகவே வைத்திருக்கிறது. ஆனி மாதம் கேட்டை நட்சத்திரத்தில் நடக்கும் ஜேஷ்டாபிஷேகத்துக்குக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேலும், வெள்ளிக் குடங்களிலும் தீர்த்தம் வரும். அன்று நம்பெருமாள் மீதும் நாச்சியார்கள் மீதும் உள்ள திருவாபரணங்களையும் கவசங்களையும் களைந்து, பழுது பார்த்து, தூய்மை செய்து, மெருகேற்றி மறுபடி சாத்துகிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் இந்தக் கோயிலுக்குப் பொன்னை வாரி வழங்கி, பொன் வேய்ந்தவன் என்று பெயர் பெற்றான். பிறகு வந்த படையெடுப்புகளில் எத்தனையோ பறிபோயின. பறிபோன தங்கமும் எங்கோ வேறு உருவில் இன்றும் இருக்கத்தான் செய்யும், நகையாக இருக்காது. தங்கத்தைக் காலம் காப்பாற்றும். நகையை மனிதர்கள்தான் காப்பாற்ற வேண்டும். பக்கத்துத் திருவானைக்காவலில் அகிலாண்டேஸ்வரி அம்மனின் தாடங்கங்கள் புதுப்பிக்கப்பட்டு, 1923-ல் காஞ்சி மடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் அவற்றை மறுபடி அம்மனுக்கு அணிவித்தார். தெய்வத்தின் காதணிக்கே பழுதுபார்ப்பு தேவைப்படும்போது, தினமும் அடுப்படியிலும் பேருந்திலும் அலையும் நம் நகைகளுக்குத் தேவைப்படாதா?

இனி மறுப்புகள். இத்தனை சிக்கல் எதற்கு, எல்லாரும் 18 அல்லது 14 கேரட்டுக்கு மாறிவிடலாமே என்பது ஒன்று. 2025-ல் 9 கேரட்டும் ஹால்மார்க் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மேலை நாடுகளில் பல காலமாகக் குறைந்த கேரட்தான் வழக்கம். ஆனால் இந்தியாவில் இதைச் சட்டம் போட்டே செய்து பார்த்தார்கள். 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று தங்கக் கட்டுப்பாடு வந்தது. மக்கள் அந்த நகையை ஏற்கவில்லை. நாடு முழுக்கப் பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்து நொடித்துப்போயின. 1966-ல் அந்தக் கேரட் தடை விலக்கப்பட்டது. 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990-ல் நீங்கியது. மக்கள் மறுத்ததற்கு மூடப்பழக்கம் மட்டும் காரணமல்ல. அடகு வைக்கவும் அவசரத்துக்கு விற்கவும் 22 கேரட்தான் கைகொடுக்கும், அதை வளைக்கவும் நிமிர்த்தவும் உள்ளூர்ப் பத்தரால் முடியும். அதனால் வளையல், சங்கிலி, காப்பு போன்ற கட்டி நகைகள் 22 கேரட்டிலேயே இருக்கட்டும்; கல் பிடிக்கும் வேலைக்கு 18 போதும். ஒரே கேரட் எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டியதில்லை.

தங்கம் சேமிப்புத்தானே, அறுந்தால் என்ன, எடை இருக்கிறதே என்பது இன்னொரு மறுப்பு. சேமிப்பு மட்டும்தான் நோக்கம் என்றால் காசாக வாங்கிப் பெட்டகத்தில் வைப்பதே சிக்கனம். நகையாக வாங்கும்போது சேதாரம், செய்கூலி என்று கூடுதலாகக் கொடுக்கிறோமே, அது முழுக்க வேலைப்பாட்டின் விலை. அறும்போது வீணாவது அந்த வேலைப்பாடுதான். போதாக்குறைக்கு, கூட்ட நெரிசலில் அறுந்த சங்கிலியில் எடையும் மிஞ்சாது. மூன்றாவது மறுப்பு ஏழை வீட்டுக் கல்யாணங்களிலிருந்து வருகிறது: கனமாக வாங்க எங்களால் முடியுமா? எடையைக் கூட்டச் சொல்வது என் வாதமல்ல. இரண்டு பவுன் இருந்தால் அதைப் பார்வைக்கு அகலமான குழல் ஆரமாக்காமல், தினம் அணியும் ஒரு கட்டிச் சங்கிலியாக்கினால் அது பேத்திக்கும் வரும். மண்டபத்தில் அணிய ஆரம் வேண்டுமென்றால் நல்ல கவரிங் நகை அந்த ஒரு நாளுக்குத் தாராளமாகப் போதும். எடையைப் பரப்பிக் காட்டச் சொல்லி மாப்பிள்ளை வீடு நிர்ப்பந்திக்கிற இடத்தில், தவறு நகையில் இல்லை.

கடையில் செய்ய வேண்டியது அதிகமில்லை. சங்கிலியைக் கையில் வாங்கியதும் அதன் அழகைப் பிறகு பார்க்கலாம். முதலில் கொக்கியையும் அதை ஒட்டிய வளையத்தையும் பாருங்கள். வளையத்தின் வாய் பற்றவைத்து மூடியிருக்கிறதா, வெறுமனே நெருக்கிவிட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவினால் தெரியும். கொக்கிக் கம்பி சங்கிலிக் கம்பியைவிட மெலிந்திருந்தால் வேறு கேளுங்கள். ஒரு கண்ணியை விரலிடையில் லேசாக அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே வெற்றிடம். வளையலை மேசைமேல் மெல்லத் தட்டினால் கட்டி வளையலின் ஓசைக்கும் குழல் வளையலின் ஓசைக்கும் வித்தியாசம் காது சொல்லும். கல்லின் எடையும் அரக்கின் எடையும் தங்கத்தின் எடையிலிருந்து தனியாகக் கழித்துப் பில்லில் எழுதப்பட வேண்டும். கட்டியா, குழலா, வார்ப்பா என்பதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். இப்போது அப்படி எழுதும் வழக்கம் இல்லை, கேட்பவர்கள் கூடினால் வந்துவிடும். வீட்டில், பாதரச வெப்பமானி உடைந்தால் நகையைக் கழற்றிவைத்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். பாதரசம் தங்கத்தோடு கலந்து வெளுத்துப் பொடியச் செய்துவிடும். தெருவில் வந்து பாலிஷ் போடுகிறேன் என்பவரிடம் எதையும் கொடுக்காதீர்கள். அவர் முக்கியெடுக்கும் திராவகத்தில் நகை மின்னுவது அதன் மேல்தோல் கரைவதால். இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் பூந்திக்கொட்டையோ மென்மையான சோப்போ போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் கண்ணி இடுக்குகளைத் தேய்த்தாலே பிசுக்கும் தூசியும் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிப்பெருக்கை ஒட்டியே இருக்கட்டும், உங்கள் ஊர்ப் பத்தரிடம் தினசரி அணியும் நகைகளைக் கொண்டுபோய்க் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இளைத்த வளையத்தை மாற்ற அவர் கேட்கும் கூலி சொற்பம். அப்படிப்பட்ட பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள், புது நகை எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. குழல் சங்கிலிகள் பெருகப் பெருக, அவரிடம் கொண்டுவர எதுவும் இருக்காது. கொண்டுவந்தாலும் அவரால் ஒட்ட முடியாது. புதிதாக ஒன்றை வாங்குமுன் அதை அவரிடம் காட்டி, இது அறுந்தால் உங்களால் ஒட்ட முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.